செங்குத்தான கூல்வாரில் ஸ்கீயிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ப்ஸ் ரிசார்ட் ஒன்றில் கேபிள் காரில் ஏறும்போது, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். அதில் யாரோ ஒருவர் புள்ளியாக இறங்கிக்கொண்டிருப்பார். "நானும் இறங்கலாமா?" என்று யோசிக்கிறவர்களுக்கான பக்கம் இது. கறுப்பு ரன்களில், அதாவது ரிசார்ட் குறித்து வைத்த சரிவுகளிலேயே மிகக் கடினமானவற்றில், தடுமாறாமல் இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஸ்கீயிங்கே புதிது என்றால் இப்போதைக்கு வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூல்வார் என்றால் சரியாக என்ன?

மலையில் பாறைகளுக்கு இடையே மேலிருந்து கீழாக ஓடும் குறுகலான, செங்குத்தான பள்ளம். குளிர்காலத்தில் அதில் பனி நிறைந்துவிடும். சில இடங்களில் 30 மீட்டர் அகலம் இருக்கும். சில இடங்களில் ஸ்கீயைக் குறுக்கே வைத்தால் முன்னும் பின்னும் பாறை இடிக்கும். வெயில் குறைவு என்பதால் பனி நீண்ட நாள் தங்கும். காற்று கொண்டுவந்து கொட்டும் பனியும் அங்கேதான் சேரும். அதனாலேயே அழகு, அதனாலேயே ஆபத்து.

பிரான்ஸின் கூர்ஷெவெல்லில் சோலீர் சிகரத்துக்குக் கீழே மூன்று கூல்வார்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கேபிள் கார் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும், பிறகு கொஞ்ச தூரம்தான். இத்தாலியின் டோலமைட்ஸில் போர்தோய் கேபிள் காரிலிருந்து ஹோல்சர் கூல்வாருக்குப் போகலாம். ஷாமோனியில் 3,842 மீட்டர் உயரமான எகுய் து மிதியிலிருந்து கோஸ்மிக் கூல்வார். மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தாலும் மூன்றும் வேறு வேறு உலகம்.

எத்தனை டிகிரி இருந்தால் 'செங்குத்து' என்று சொல்வார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரிசார்ட் விளம்பரங்களில் சரிவைச் சதவீதத்தில் போடுவார்கள், மலையேறிகள் டிகிரியில் பேசுவார்கள். 100 சதவீதம் என்றால் 45 டிகிரிதான், சுவர் மாதிரி 90 டிகிரி இல்லை. 30 டிகிரி என்பது 58 சதவீதம், 35 டிகிரி 70 சதவீதம், 40 டிகிரி 84 சதவீதம்.

கறுப்பு ரன் ஒன்றின் மிகக் கடுமையான பகுதியே பெரும்பாலும் 35 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், அதுவும் சிறிது தூரத்துக்கு. 40ஐத் தொட்டாலே அனுபவசாலிகள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். 45க்கு மேல் போனால் நிமிர்ந்து நின்றபடியே மேல்பக்கப் பனியைக் கையால் தொட்டுவிடலாம்.

வரைபடத்திலும் கண்டுபிடிக்கலாம். 1:25,000 அளவுள்ள, 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு போட்ட வரைபடத்தில், 30 டிகிரி சரிவில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே சுமார் 1.4 மில்லிமீட்டர் இருக்கும், 45 டிகிரியில் 0.8 மில்லிமீட்டர்தான். மலையில் நிற்கும்போது அளக்க வேண்டுமானால் ஸ்கீ கோலைச் சரிவில் படுக்க வைத்து, அதன்மேல் கைபேசியை வைத்துச் சாய்வு காட்டும் செயலியைத் திறங்கள். ஆட்கள் வாயால் சொல்லும் டிகிரியை நம்பாதீர்கள். ஐந்து டிகிரி கூட்டிச் சொல்வது ஸ்கீ ஊர்களின் பழக்கம்.

அப்படியென்றால் டிகிரி தெரிந்தால் ஆபத்து தெரிந்துவிடுமா?

தெரியாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "எவ்வளவு செங்குத்து?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது "இன்று பனி எப்படி இருக்கிறது?" என்பதுதான்.

முழங்கால் வரை மென்மையான பனி கிடக்கும் 42 டிகிரி கூல்வாரில் விழுந்தால் பெரும்பாலும் நாலைந்து மீட்டரில் நின்றுவிடுவீர்கள், காதுக்குள் பனி போயிருக்கும், அவ்வளவுதான். அதே கூல்வார், இரண்டு நாள் வெயில் அடித்து, இரவில் உறைந்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேறு கூல்வார். உராய்வே இல்லாத கெட்டிப் பனியில் 40 டிகிரி சரிவில் சறுக்க ஆரம்பித்தால் மூன்று விநாடியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிடுவீர்கள். சரி, பக்கத்தில் பாறைச் சுவர் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்ளலாமா? அந்த வேகத்தில் சுவர் உங்களைப் பிடிக்கும்.

பனியைச் சோதிப்பது கஷ்டம் இல்லை. கூல்வாரின் மேல் விளிம்பில் நின்றபடி கோலைத் தலைகீழாகப் பிடித்து, கைப்பிடியால் குத்துங்கள். மணிக்கட்டு வரை இறங்கினால் நல்லது. கோலின் இரும்பு முனையே ஒரு விரல் அளவுதான் இறங்குகிறது, 'டொக்' என்று சத்தம் வருகிறது என்றால் கேபிள் காரிலேயே திரும்பிக் கீழே போய்ச் சூடாக ஏதாவது குடியுங்கள். நுழைந்ததும் முதல் இரண்டு மீட்டர் மென்மையாக இருந்து, அதற்குக் கீழே கெட்டியாக இருக்கும் வழக்கமும் உண்டு. முந்தைய ஆட்கள் எல்லாரும் நுழைவாயிலில் சைட் ஸ்லிப் செய்தே, அதாவது ஸ்கீயைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துப் பக்கவாட்டில் சறுக்கியே இறங்கியிருந்தால் மேலே இருந்த நல்ல பனியைச் சுரண்டிக் கொண்டுபோயிருப்பார்கள். அங்கே மினுக்கமாகத் தெரிவது ஐஸ்.

விழுந்துவிட்டால்?

முதல் ஒரு விநாடியில் செய்வதுதான் கணக்கு. ஸ்கீ காலில் இருந்தால், கால்களைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, இரண்டு ஸ்கீயையும் சரிவுக்குக் குறுக்காக வைத்து விளிம்பை அழுத்துங்கள். ஸ்கீ கழன்றுவிட்டால் வயிறு பனியில் படும்படி குப்புறத் திரும்பி, தலை மேலே, கால் கீழே, கைகளால் உடம்பைத் தூக்கிப் பூட்ஸ் நுனியைப் பனியில் பதியுங்கள். கையில் கோல் இருந்தால் அதன் அடிப்பகுதியை முனைக்குப் பக்கத்தில் பிடித்துப் பனியில் குத்திக்கொண்டே போக வேண்டும். வேகம் பிடித்த பிறகு இதில் எதுவும் வேலை செய்யாது. இதை ஒரு பாதுகாப்பான சிறு சரிவில், கீழே சமதளம் இருக்கும் இடத்தில், வேண்டுமென்றே விழுந்து பழகுங்கள். பத்து தடவை விழுந்தால் உடம்புக்குப் புரிந்துவிடும்.

வல்லவர்களுக்கும் இது விதிவிலக்கு இல்லை. 1991இல் அலாஸ்காவின் வால்டீஸில் நடந்த முதல் உலக எக்ஸ்ட்ரீம் ஸ்கீயிங் போட்டியில் வென்ற டக் கூம்ப்ஸ், 2006இல் பிரான்ஸின் லா கிராவில் ஒரு கூல்வாரில் விழுந்த நண்பரைத் தேடிப் பக்கம் போனபோது தானும் விழுந்து இறந்தார். நண்பரும் பிழைக்கவில்லை. அந்த மலையை அவரளவுக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

நான் தயாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வேகமாக இறங்கத் தெரியும் என்பது இங்கே தகுதியே இல்லை. மெதுவாக இறங்கத் தெரியுமா என்று பாருங்கள். கறுப்பு ரன் ஒன்றில், பனி கெட்டியாக இருக்கும் நாளில், இரண்டு பக்கமும் திரும்பி நின்று சைட் ஸ்லிப் செய்யுங்கள். நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா? முன்னோக்கி நழுவாமல் நேராகக் கீழே இறங்க முடிகிறதா? ஒரு பக்கம் மட்டும் நன்றாக வருகிறது என்றால், கூல்வாரில் பாதி டர்ன்கள் மற்றப் பக்கம்தான்.

அடுத்தது அகலம். ரன்னின் ஓரத்தில் ஸ்கீ நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலத்துக்கு மனதில் இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டு, அதைத் தாண்டாமல் இருபது டர்ன் போடுங்கள். ஒவ்வொரு டர்னுக்குப் பிறகும் வேகம் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அப்புறம் சரிவின் நடுவே நின்ற இடத்திலேயே கிக் டர்ன், அதாவது ஒவ்வொரு ஸ்கீயாகத் தூக்கி எதிர்ப்பக்கம் திருப்பி வைப்பது. இது அலுப்பான பயிற்சி, எந்த வீடியோவிலும் வராது. ஆனால் மாட்டிக்கொண்டால் வெளியே கொண்டுவருவது இதுதான்.

ஜம்ப் டர்ன் எப்படிப் போடுவது?

சாதாரண டர்னில் ஸ்கீ கொஞ்ச நேரம் நேர்கீழாக, தண்ணீர் ஊற்றினால் ஓடும் திசையில் நிற்கும். ஃபால் லைன் என்று சொல்வார்கள். 40 டிகிரியில் அந்தக் கொஞ்ச நேரமே அதிகம். அதனால் அந்தக் கட்டத்தைக் காற்றில் கடந்துவிடுகிறோம்.

குறுக்காக நின்று, விளிம்பு பிடித்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மார்பு கீழ்நோக்கித் திரும்பியிருக்கட்டும். கோலை நன்றாகக் கீழே, பூட்ஸுக்கு நேர் கீழ்ப்பக்கமாக ஊன்ற வேண்டும். அதை ஊன்றக் குனியும்போது உடம்பு தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும். முழங்காலை மடக்கி, மேல்பக்கக் காலிலிருந்து உந்தி, ஸ்கீயின் வால் பகுதியைத் தூக்கித் திருப்புங்கள். மறுபக்கம் விளிம்பிலேயே இறங்கி, அங்கேயே நில்லுங்கள். மூச்சு விடுங்கள். அடுத்தது.

எல்லாரும் செய்யும் தப்பு மலைப்பக்கமாகச் சாய்வது. பயத்தில் உடம்பு மலையைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். சாய்ந்தால் எடை விளிம்பிலிருந்து விலகி, ஸ்கீ காலுக்கடியிலிருந்து நழுவிவிடும். கீழே பார்க்கவே பயமாக இருக்கும் இடத்தில் கீழ்நோக்கிச் சாய வேண்டும் என்பது சொல்ல எளிது. அதற்குத்தான் கோலைத் தூரமாக ஊன்றச் சொல்கிறார்கள்.

இந்த டர்ன்களுக்கு ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தின் சில்வான் சோடான் 1967இல் ஷாமோனியின் ஸ்பென்சர் கூல்வாரில் இறங்கியபோது, கார் வைப்பர் ஆடுவது போல ஸ்கீயின் வாலை ஊன்றி முனையைச் சுழற்றும் ஒரு முறையைப் பயன்படுத்தினார். பின்னால் பிரான்ஸின் பாட்ரிக் வாலென்சான் மேல்பக்கக் காலால் மிதித்துத் துள்ளும் முறையைப் பரப்பினார். இன்றைக்குச் சொல்லித்தரும் ஜம்ப் டர்னுக்கு இரண்டாவதுதான் நெருக்கம். ஸ்கீ அப்போது 2 மீட்டருக்கு மேல் நீளம் என்பதை நினைத்துக்கொண்டால் அவர்கள்மேல் மரியாதை கூடும்.

உள்ளே நுழையும் இடம்தான் பயமாக இருக்கிறது. அது எப்படி?

நியாயமான பயம். பெரும்பாலான கூல்வார்களில் முதல் பத்து மீட்டர்தான் குறுகல், செங்குத்து, கெட்டி. சோலீரில் கூல்வார் வாய்க்குப் போவதற்கே குறுகலான ஒரு முகட்டுப் பாதையில் நடக்க வேண்டும். கூல்வாரை விட அந்த நடையில் கால் நடுங்குகிறவர்கள் உண்டு. கோஸ்மிக்கில் பெரும்பாலும் கயிற்றில் தொங்கி இறங்கித்தான் உள்ளே போக முடியும்.

விளிம்பில் காற்று கட்டிய பனிக் கூரை, அதாவது கார்னிஸ், வெளியே நீண்டிருக்கலாம். மேலிருந்து பார்த்தால் திடமான தரை போலத் தெரியும். எட்டிப் பார்க்க அதன்மேல் போகவே போகாதீர்கள். நுழைவில் அவசரமாக முதல் டர்ன் போட வேண்டிய கட்டாயமும் இல்லை. சைட் ஸ்லிப் செய்து அகலமான இடம் வரை இறங்குங்கள். யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை.

ஒரு சின்ன விஷயம். ஸ்கீ மாட்டும் முன் பூட்ஸ் அடியைப் பாருங்கள். முகட்டில் நடந்து வந்ததில் அடியில் பனி உறைந்து ஒட்டியிருக்கும். கோல் முனையால் முழுவதும் சுரண்டிவிட்டு, பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கும் பைண்டிங்கின் முன்பிடியிலும் ஐஸ் இல்லை என்று பார்த்து, பிறகு குதிகாலை அழுத்துங்கள். சரியாக உட்காராத பைண்டிங் 'க்ளிக்' என்று சத்தம் மட்டும் கொடுக்கும், முதல் துள்ளலில் ஸ்கீ தனியாகப் போய்விடும். மாட்டியபின் காலைத் தூக்கி ஒருமுறை பனியில் ஓங்கித் தட்டிப் பாருங்கள்.

பனிச்சரிவு ஆபத்து எவ்வளவு?

மேலிருந்து பனிப்பலகை உடைந்து சரியும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளில்தான் கிளம்புகின்றன. 35 முதல் 45 வரைதான் மிக அதிகம். கூல்வார்கள் அப்படியே அந்த வரம்புக்குள் வருகின்றன. அதோடு ஓட இடம் கிடையாது. திறந்த சரிவில் பக்கவாட்டில் தப்பிக்கலாம், இங்கே இரண்டு பக்கமும் பாறை.

ஐரோப்பாவில் ஆபத்தை 1 முதல் 5 வரை ஐந்து நிலைகளாகச் சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியாவிலும் தினசரி அறிக்கை உண்டு. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தத் திசைச் சரிவு, எந்த உயரத்துக்கு மேல், காரணம் புதுப்பனியா காற்றா அடியில் பலவீனமான அடுக்கா என்று கீழே எழுதியிருப்பதுதான் விஷயம். 3 என்பது ஐந்தில் நடு எண் என்பதால் சுமாரான ஆபத்து என்று நினைக்கிறார்கள். நிலைக்கு நிலை ஆபத்து ஒரே அளவாகக் கூடுவதில்லை, மடங்காகக் கூடுகிறது. 3 இருக்கும் நாளில், அறிக்கை சொல்லும் அதே திசையில் உள்ள கூல்வாருக்கு என் பதில் 'வேண்டாம்'.

போகும்போது ஒருவர் பின் ஒருவராக மட்டும். ஒருவர் இறங்கி ஒதுங்கிய பிறகே அடுத்தவர். பாறை துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்குக் கீழே ஓரமாக நிற்கலாம், நடுவில் நிற்கக் கூடாது. இன்னொன்று, உங்கள் டர்னில் கிளம்பும் மேற்பரப்புப் பனியே உங்களைத் துரத்தி வரும். அதை ஸ்லஃப் என்பார்கள். கொஞ்சம் என்றால் ஓரமாக நின்று முன்னால் போகவிடுங்கள்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் ரேடியோ கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (மண்வாரி). மூன்றும், எல்லாரிடமும். டிரான்ஸீவர் 457 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கிறது, எந்த நிறுவனத்தின் கருவியும் மற்றதைக் கண்டுபிடிக்கும். முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். மீட்புக் குழு ஹெலிகாப்டரில் வருவதற்குள் அந்தப் பத்து நிமிடம் போயிருக்கும், ஆகவே காப்பாற்றப் போவது கூட வந்தவர்தான். கருவியை வாங்கிப் பையில் போட்டால் போதாது, தேடிப் பழக வேண்டும். இத்தாலியில் 2022 முதல், பனிச்சரிவு ஆபத்து இருக்கும் ஆஃப் பிஸ்ட் பகுதிகளில், அதாவது குறித்த ரன்களுக்கு வெளியே, இந்த மூன்றும் சட்டப்படியே கட்டாயம்.

ஹெல்மெட் சொல்லாமலே தெரியும். கோலின் கைப்பிடியில் இருக்கும் வாருக்குள் மணிக்கட்டை மாட்டாதீர்கள். விளிம்புகளைத் தீட்டி வையுங்கள். ஐஸ் கோடரி, கிராம்பான் (பூட்ஸ் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்), கயிறு எல்லாம் எந்தக் கூல்வார் என்பதைப் பொறுத்தது. பயன்படுத்தத் தெரியாத கயிறு வெறும் எடை.

எந்த மாதம், எந்த நேரம்?

பருவத் தொடக்கத்தில் பாறைகள் முழுதாக மூடியிருக்காது. வடக்கு நோக்கியவற்றில் ஜனவரி, பிப்ரவரியில் பனி மென்மையாக நிலைக்கும். வசந்தத்தில் வெயில் படும் கூல்வார் இரவில் உறைந்து, காலையில் மேல் ஓர் அங்குலம் இளகும். அந்த நேரத்தில் இறங்கினால் சொர்க்கம். அரை மணி முந்தினால் ஐஸ், ஒரு மணி பிந்தினால் சேறு போன்ற ஈரப்பனியும் மேலிருந்து உருண்டு வரும் கற்களும்.

கைடு தேவையா?

முதல் தடவைக்கு ஆமாம். சர்வதேச மலை வழிகாட்டிச் சான்றிதழ் உள்ளவரைப் பாருங்கள். பிரான்ஸில் ஸ்கீ பயிற்சியாளர்களும் ஆஃப் பிஸ்ட் கூட்டிப்போகலாம், ஆனால் பனியாற்றுப் பகுதிகளுக்கும் மலையேற்றக் கருவி தேவைப்படும் இடங்களுக்கும் அவர்களுக்கு அனுமதி இல்லை. நல்ல கைடு முந்தின நாள் வேறு ஏதோ சரிவில் உங்களைச் சில டர்ன் போடச் சொல்லிப் பார்ப்பார். 'இன்று வேண்டாம்' என்றும் சொல்வார். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

ரிசார்ட்டுக்குள்தானே இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

லிஃப்டிலிருந்து தெரிவதாலேயே இது ரிசார்ட்டின் பொறுப்பாகிவிடாது. கம்பு நட்டுக் குறித்த ரன்களில்தான் பனிச்சரிவுக் கட்டுப்பாடும் மாலையில் கடைசி ஆள் வரை பார்த்துவரும் ரோந்தும். கயிற்றைத் தாண்டினால் உங்கள் பாடு. சோலீரின் 'கிராண்ட் கூல்வார்' பல ஆண்டுகள் ரிசார்ட் வரைபடத்தில் கறுப்பு ரன்னாகவே போடப்பட்டிருந்தது. அதன் பக்கத்திலேயே மற்ற இரண்டும் இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு 1937 உலகச் சாம்பியன் எமீல் அலேயின் பெயர்.

மீட்புச் செலவுக்குக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் 'ஆஃப் பிஸ்ட்' விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். அவசர எண் 112. சுவிட்சர்லாந்தில் ரேகா ஹெலிகாப்டர் மீட்புக்கு 1414.

பாதியில் உறைந்து நின்றுவிட்டால்?

நடக்கும். ஸ்கீயைக் கழற்றாதீர்கள். எல்லாருக்கும் முதலில் அதுதான் தோன்றும், ஆனால் ஸ்கீயின் நீண்ட எஃகு விளிம்பை விட்டுவிட்டு வழவழப்பான பிளாஸ்டிக் பூட்ஸில் நிற்பது இன்னும் மோசம். விளிம்பால் பனியை மிதித்து ஒரு சிறு படி செய்துகொண்டு, கோல் இரண்டையும் ஊன்றி, ஓரத்துக்கு நகருங்கள். மூச்சு சீரானதும் சைட் ஸ்லிப், கிக் டர்ன், மறுபடி சைட் ஸ்லிப். டர்னே போடாமல் முழுக் கூல்வாரையும் இப்படி இறங்கிவிடலாம். அதுவும் முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் 112ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்னோபோர்டில் போகலாமா?

போகலாம். கெட்டிப் பனியில் ஒரே விளிம்புதான் என்பது நினைவிருக்கட்டும்.

முதல் கூல்வாராக எதைத் தேர்ந்தெடுப்பது?

என்னைக் கேட்டால் சோலீரின் கிராண்ட் கூல்வார் போன்ற ஒன்று. அகலமானது, கீழே வரை பார்வைக்குத் தெரிவது, விழுந்தால் பள்ளத்தாக்கில் கொண்டுபோய்த் தள்ளாமல் விரிந்த சமதளத்தில் முடிவது. புதுப்பனி விழுந்து, அது நிலைத்து, பத்துப் பேராவது இறங்கிய பிறகு போங்கள். முந்தின நாளே கீழே நின்று தொலைநோக்கியால் நன்றாகப் பாருங்கள், எங்கே குறுகுகிறது, எங்கே பாறை தலை நீட்டுகிறது என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும்போது இதெல்லாம் தெரியாது. ஹோல்சரும் கோஸ்மிக்கும் அப்புறம். ஹோல்சர் கூல்வாருக்குப் பெயர் கொடுத்த ஹைனி ஹோல்சரே 1977இல் சுவிட்சர்லாந்தின் பிட்ஸ் ரோசெக் சிகரத்தில் ஸ்கீயில் இறங்கும்போது விழுந்து இறந்தவர்.

கீழே இறங்கியதும் எங்கே நிற்பது?

கூல்வாரின் வாய் விசிறி போல விரியும் இடத்தில் நிற்கவே கூடாது. அனைவரும் அங்கேதான் நின்று கைபேசியை எடுக்கிறார்கள். மேலே இருப்பவர் தள்ளிவிடும் பனியும் கல்லும் வந்து சேருவது சரியாக அங்கேதான். வேகத்தை விடாமல் பக்கவாட்டில் நன்றாக ஒதுங்கி, மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி நின்று, இரண்டு கோலையும் உயர்த்திக் காட்டுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் கிளம்புவார். அவர் கீழே வரும்வரை கண்ணை எடுக்காதீர்கள்.